மரப்படகும் மூன்று கொட்டேஷனும்

பிரான்சிலிருந்து திரும்பியதும் நண்பர்கள் கேட்ட முதல் கேள்வி, "பாரீஸ் பார்த்தீரா?" என்பதுதான். பார்க்கவில்லை. இரண்டு மாதமும் மகள் வீட்டில், பிரெத்தாஞ் பகுதியின் மேற்குக் கோடியில் இருக்கிற பிரெஸ்த் நகரத்தில்தான் இருந்தேன். அங்கே ஏப்ரல் மாதத்தில் ஒரு நாள், எழுபத்து நான்கு வயதில், குளிரில் பல் கிட்டிக்கொள்ள, ஒரு பழைய மரப் பாய்ப்படகில் ஏறத்தாழ 30 கடல் மைல் போய் வந்தேன். "இந்த வயதில் உமக்கு இது தேவையா?" என்று கடற்கரைச் சாலையில் தினமும் கூட நடக்கிற நண்பர் கடிந்துகொண்டார். அவருக்குச் சொன்ன பதிலைத்தான் இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். படகில் தொடங்கினாலும் கடைசியில் இது ஒரு பழைய ஃபைலில் போய் நிற்கும். குமாஸ்தா புத்தி, பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் வயதுப் புதுவைக்காரர்களில் பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவர்களுக்கு இது ஞாபகம் இருக்கும். பூகோள வகுப்பில் பிரான்ஸ் கடற்கரையைப் பார்க்காமல் வரையச் சொல்வார்கள். இடது பக்கம் நாய் மூக்கு மாதிரி நீட்டிக்கொண்டிருப்பது பிரெத்தாஞ். அந்த மூக்கின் நுனியில் ஒரு சிறு வாய் திறந்திருக்கும். அது ராத் தெ பிரெஸ்த், கப்பல்கள் ஒதுங்கும் பெரிய வளைகுடா. நீலப் பென்சிலால் அதற்கு நிழல் போட்டு நல்ல மதிப்பெண் வாங்கியவன் நான். எங்கள் வீட்டிலிருந்து வைத்திக்குப்பம் பத்து நிமிட நடை. அங்கே மணலில் எப்படிப் படகு கட்டுகிறார்கள் என்று ஒரு நாளும் போய்ப் பார்த்ததில்லை. பரீட்சையில் அது வராது.

"ராத்" என்ற சொல் நம் ஊருக்கும் உண்டு. பிரெஞ்சுக்காரர்கள் புதுவைக் கடலையும் ராத் என்றுதான் எழுதினார்கள். ஆனால் நம்முடையது எந்த மறைப்பும் இல்லாத திறந்த கடல். அந்தக் காலத்தில் துறைமுகம் கிடையாது. கப்பல் தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். ஆளையும் சரக்கையும் அலை தாண்டிக் கரைக்குக் கொண்டுவந்தது சலங்கு. ஆணியே இல்லாமல் பலகையோடு பலகையைத் தேங்காய் நார்க் கயிற்றால் தைத்த படகு. ஆணி அடித்த படகு அலையில் மோதினால் உடையும்; தைத்த படகு நெளிந்து கொடுக்கும். அந்தச் சொல்லைப் பிரெஞ்சுக்காரர்கள் அப்படியே எடுத்துக்கொண்டு "ஷெலேங்" ஆக்கினார்கள். கட்டுமரத்தை எடுத்துக் "கத்தமரான்" ஆக்கியது உலகத்துக்கே தெரியும்.

சரி, பிரெஸ்துக்கு வருகிறேன்.

மகள் வீட்டுக்குப் பக்கத்து வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற தச்சர். வயது எழுபதுக்கு மேல். அவரும் இன்னும் முப்பது நாற்பது பேரும் சேர்ந்து, 1901-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒரு சங்கம் பதிவு செய்து, ஒரு பழைய படகை வைத்துக் காப்பாற்றுகிறார்கள். அந்த வளைகுடாவில் முன்பு பாயை விரித்தபடியே வலைக்கூடையை இழுத்துச் சிப்பி வாரிய படகு அது. ஒற்றைப் பாய்மரம். ஓக் மரச் சட்டம். பாய்கள் செங்காவி நிறம். அந்தக் காலத்தில் பருத்திப் பாய் மக்காமல் இருக்கக் காசுக்கட்டிக் கஷாயத்தில் தோய்ப்பார்களாம். "கஷூ, உங்கள் நாட்டிலிருந்து வந்ததுதானே" என்றார். ஆமாம், எங்கள் பாட்டி வெற்றிலையோடு போட்டது என்றேன்.

குளிர்காலத்தில் படகைக் கரையேற்றி வேலை பார்த்திருந்தார்கள். ஏப்ரலில் தண்ணீரில் இறக்கி, அந்த வருஷத்தின் முதல் ஓட்டமாகத் தெற்கே துவார்னெனே ஊருக்குக் கொண்டுபோக வேண்டும். எட்டுப் பேர் போகலாம், ஒருவர் குறைகிறார், வருகிறீர்களா என்று கேட்டார். மகள் வேண்டாம் என்றாள். என் மனைவி, "அவர் சொன்னா கேக்க மாட்டார், ரெண்டு ஸ்வெட்டரா போட்டு அனுப்பு" என்று சொல்லிவிட்டுச் சுக்குக் காப்பி போட்டு ஃபிளாஸ்கில் ஊற்றிக் கொடுத்தாள்.

காலை ஏழு மணிக்குக் கிளம்பினோம். பிரெஸ்த் மேற்குக் கோடியில் இருந்தும் பாரீஸ் கடிகாரத்தையே வைத்திருப்பதால் ஏப்ரலில் ஏழு மணிக்கும் சூரியன் இல்லை. காற்று 6 டிகிரி. கடல் நீர் 11 டிகிரி. நம் மார்கழிப் பனியை வைத்து இதைக் கணக்குப் போடாதீர்கள். இரண்டு ஸ்வெட்டர், அதன் மேல் அவர்கள் கொடுத்த மஞ்சள் எண்ணெய்த்துணிக் கோட்டு, கம்பளித் தொப்பி. இவ்வளவும் போட்டும் குளிர் கையுறையின் நுனி வழியாக ஏறி முழங்கைக்கு வந்தது. வடகிழக்குக் காற்று. நம் மீனவர் கணக்கில் வாடையும் கொண்டலும் கலந்த காற்று. வானம் தெளிவாக இருந்தால் அந்தக் காற்று அங்கே இன்னும் குளிரும் என்றார்கள்.

ஏறி உட்கார்ந்ததும் நான் கவனித்தது தண்ணீர். வெளியே அல்ல, உள்ளே. அடிப்பலகைக்குக் கீழே சளசளவென்று சத்தம். பயந்துபோய்த் தச்சரைப் பார்த்தேன். அவர் சிரித்துக்கொண்டே கைப்பம்பின் பிடியை என்னிடம் கொடுத்தார். "முதல் வாரம் இப்படித்தான். குளிர்காலம் முழுக்கக் கரையில் இருந்ததல்லவா, பலகை காய்ந்து சுருங்கியிருக்கிறது. தண்ணீர் குடித்து ஊதினால் இடுக்கு தானாக மூடிக்கொள்ளும். அதுவரை நாம் இறைக்க வேண்டும். எண்ணிக்கொண்டே அடியுங்கள்." அரை மணிக்கு ஒரு முறை பம்பு அடிக்க வேண்டும், எத்தனை அடியில் தண்ணீர் வற்றியது என்று ஒரு நோட்டில் எழுத வேண்டும். கணக்கெழுதும் வேலை என்றதும் எனக்குத் தெம்பு வந்தது. முதல் கணக்கு: 210 அடி.

பலகைக்கும் பலகைக்கும் நடுவே சணல் நாரைத் திரியாக முறுக்கி, உளியும் மரச் சுத்தியலும் வைத்து அடித்துச் செருகி, மேலே கீல் பூசுகிறார்கள். அதற்கு அங்கே "கல்ஃபத்தாழ்" என்று பெயர். நம் துறைமுகங்களில் அதே வேலைக்குக் கலப்பத்து என்று பெயர், செய்கிறவர் கலப்பத்துக்காரர். அரபு மாலுமிகள், போர்த்துகீசியர் என்று கைமாறிக் கைமாறி இரண்டு கடற்கரைக்கும் போன ஒரே சொல். அந்தச் சொல்லைக் கேட்டதும் எனக்கு உள்ளே ஏதோ குத்தியது. ஏன் என்று அப்போது யோசிக்கவில்லை. பம்பு அடிக்க வேண்டியிருந்தது.

வளைகுடாவின் வாயைக் குலே என்கிறார்கள், கழுத்து என்று பொருள் வரும். அகலம் இரண்டு கிலோமீட்டருக்கும் குறைவு. இவ்வளவு பெரிய வளைகுடாவின் தண்ணீர் முழுவதும் அந்தச் சந்து வழியாகத்தான் ஆறு மணி நேரம் உள்ளே வரும், ஆறு மணி நேரம் வெளியே போகும். நம் கடலில் ஏற்றவற்றம் ஒரு மீட்டர் அளவு; பெரும்பாலானவர்கள் கவனிப்பதே இல்லை. அங்கே பெரிய அமாவாசை, பௌர்ணமி நாட்களில் ஏழு மீட்டர்கூட ஏறி இறங்கும். 20 முதல் 120 வரை ஓர் எண் போட்டு அன்றன்றைய ஏற்றவற்றத்தின் பலத்தை அச்சடித்துக் கொடுத்துவிடுகிறார்கள். அதைப் பார்த்துத்தான் ஏழு மணி என்று குறித்திருந்தார்கள். வற்றம் எங்களைத் தூக்கிக்கொண்டு போயிற்று. பின்காற்று வேறு. இன்ஜினை நிறுத்தியதும் ஒரு மௌனம் வந்தது பாருங்கள், அதில் மரம் முனகுகிற சத்தம், கயிறு இறுகுகிற சத்தம், எல்லாம் தனித்தனியாகக் கேட்டன.

எங்களில் இளையவள் இருபத்து மூன்று வயதுப் பெண், படகுத் தச்சு வேலை கற்றுக்கொள்கிறவள். அவள் எடுத்த எடுப்பிலேயே என்னை "நீ" என்றாள். சங்கத்தில் எல்லோருக்கும் எல்லோரும் "நீ"தான். பிரெஞ்சு வாத்தியாரிடம் பிரம்படி வாங்கிய நாக்கு எனக்கு. சாயங்காலம் வரை அவளை "நீங்கள்" என்றுதான் கூப்பிட முடிந்தது.

ஒன்பது மணி வாக்கில் பம்பு அடைத்துக்கொண்டது. குளிர்காலத்து இழைப்புச் சுருள்கள் அடியில் தங்கி உறிஞ்சு குழாயை மூடிவிட்டன. அதைச் சுத்தம் செய்யப் பக்கத்திலிருந்த காமரே துறைமுகத்தில் கட்டினோம். "ஒரு மணி நேரம் ஆகும், நடந்துவிட்டு வாருங்கள், உடம்பு சூடாகும்" என்று என்னைக் கரையில் இறக்கிவிட்டார்கள்.

காமரேயில் கடலுக்குள் நீளும் ஒரு கூழாங்கல் கரை இருக்கிறது. அதன் நுனியில் வோபான் கட்டிய செம்மண் நிறக் கோபுரம், பக்கத்தில் ஒரு சிறு மாதா கோயில். அதற்குப் பக்கத்தில் வரிசையாகப் படகுகளின் பிணங்கள். வேறு சொல் எனக்குத் தெரியவில்லை. அந்த ஊர் ஒரு காலத்தில் சிங்கி இறால் பிடிப்பதில் பிரான்சிலேயே பெயர் பெற்றது. ஆப்பிரிக்காவின் மொரித்தானியாக் கரை வரை போய்ப் பிடித்து உயிரோடு கொண்டுவந்தார்கள். அந்தத் தொழில் நொடித்த பிறகு, ஓடாத மரப்படகுகளை இங்கே இழுத்து விட்டார்கள். விலா எலும்பு மாதிரி சட்டங்கள் நிற்கின்றன. பலகைகள் பிளந்து வாய் திறந்து கிடக்கின்றன. சுற்றுலாப் பயணிகள் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அழகாகத்தான் இருக்கும், படத்தில்.

நான் ஒரு படகின் அருகே போய்ப் பலகை இடுக்கில் விரலை விட்டேன். முழு விரலும் உள்ளே போயிற்று. அப்போதுதான் அந்த ஃபைல் ஞாபகத்துக்கு வந்தது. ஞாபகத்துக்கு வந்தது என்பதுகூடத் தப்பு. நாற்பது ஆண்டாக அது அங்கேதான் இருந்தது, திறக்காமல் வைத்திருந்தேன்.

நான் யு.டி.சி.யாக இருந்த காலம். எந்தத் துறை என்று சொல்லவில்லை. அந்த மேசையில் யார் இருந்திருந்தாலும் இதுதான் நடந்திருக்கும். கப்பலிலிருந்து சரக்கு இறக்கிய பெரிய மரப்படகு இரண்டு எங்கள் பொறுப்பில் இருந்தன. கலப்பத்து வேலை செய்து, எண்ணெய் பூசித் தண்ணீரில் விட வேண்டும் என்று நாலாயிரம் ரூபாய்க்கு எஸ்டிமேட் வந்தது. விதிப்படி மூன்று கொட்டேஷன் வேண்டும். இருந்தது ஒன்று. "மூன்று கொட்டேஷன் பெற்று அனுப்பவும்" என்று குறிப்பு எழுதித் திருப்பி அனுப்பினேன். வேலை தெரிந்தவர் ஒரே குடும்பம்தான் என்று பதில் வந்தது. அதற்குச் சான்று கேட்டேன். சான்று கொடுக்க யாருக்கு அதிகாரம் என்று கேள்வி வந்தது. அதை மேலே அனுப்பினேன்.

இப்படி ஃபைல் போய் வந்துகொண்டிருந்தது, இரண்டு வருஷத்துக்கு மேல். படகு இரண்டும் மணலில், வெயிலில் கிடந்தன.

ஒரு நாள் வயதான படகுக்காரர் ஒருவர் ஆபீசுக்கு வந்தார். செருப்பை வாசலில் விட்டுவிட்டு, துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றார். "ஐயா, கரையில கெடந்தா காஞ்சி பொளந்துடும் ஐயா. வேலை அப்புறமா செய்யட்டும். இப்ப தண்ணீல தள்ளிடுங்க. இல்லன்னா தெனம் நாலு கொடம் தண்ணி ஊத்தவாச்சும் ஒரு ஆளப் போடுங்க" என்றார். "ஃபைல் மேல போயிருக்கு பெரியவரே" என்றேன். நான் சொன்னதில் பொய் இல்லை. அவர் கொஞ்ச நேரம் நின்றார். கும்பிட்டுவிட்டுப் போனார்.

பிறகு ஒரு கமிட்டி போய்ப் பார்த்தது. பலகை பிளந்து, ரிப்பேருக்கு லாயக்கில்லை என்று எழுதியது. கண்டெம் செய்து ஏலம் விட்டோம். விறகுக் கடைக்காரர் எடுத்தார். அந்த ஏல உத்தரவையும் நான்தான் டிராஃப்ட் செய்தேன். பிழையில்லாத டிராஃப்ட் என்று மேலதிகாரி பாராட்டினார். ஆடிட்டில் ஒரு கேள்வி வரவில்லை. விதியை நான் எங்கும் மீறவில்லை. அதுதான் உறுத்துகிறது. அந்தப் படகுகளைக் கொன்றது கமிட்டியின் அறிக்கை அல்ல; ஃபைல் என் மேசையில் இருந்த மாதங்கள்.

காமரேயிலிருந்து மறுபடி கிளம்பியபோது இதைத் தச்சரிடம் சொன்னேன். அவர் என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். அவர், "இங்கேயும் அதே கதைதான்" என்றார். 1991-இல் மெலிக் என்ற அமைச்சர் ஒரு திட்டம் கொண்டுவந்தார். மீன்பிடி படகுகள் அதிகமாகிவிட்டன, தொழிலிலிருந்து படகை விலக்கிக்கொண்டால் அரசு பணம் தரும் என்றார்கள். கடன்பட்ட மீனவர்கள் ஒப்புக்கொண்டார்கள். எத்தனையோ மரப்படகுகள் புல்டோசர் நகத்தில் நொறுங்கின. கட்டியவரே நின்று பார்த்தாராம். "ஒவ்வொரு படகுக்கும் ஒரு ஃபைல் இருந்திருக்கும், அதற்கு ஒரு குமாஸ்தா இருந்திருப்பார். அவரும் உங்களைப் போல நல்லவராகத்தான் இருந்திருப்பார்" என்றார். ஆறுதலாகச் சொன்னாரா, குத்திக் காட்டினாரா, இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

தா தெ புவா என்ற பாறைகளைத் தாண்டினோம். பட்டாணிக் குவியல் என்று பெயர். ஒவ்வொரு பட்டாணியும் ஒரு கோபுரம் உயரம். பிறகு ஆட்டு முனை என்ற நிலமுனையைச் சுற்றிக் கிழக்கே திரும்பியதும் இதுவரை முதுகில் இருந்த காற்று முகத்துக்கு வந்தது. அப்போதுதான் உண்மையான குளிர். அலைத் துளி முகத்தில் அடித்தால் ஊசி குத்துவது போலிருந்தது. படகு ஒரு பக்கம் சாய்ந்து, தாமான் கயிறு விறைத்து நின்றது. சுக்குக் காப்பி எட்டுப் பேருக்கும் ஆளுக்கு அரைக் கோப்பை வந்தது. அந்தப் பெண் சுக்கான் பிடியை என் கையில் கொடுத்து, "அந்தத் தேவாலய கோபுரத்தைப் பார்த்து வை" என்றாள். இருபது நிமிடம் பிடித்திருப்பேன். மரம் வழியாகக் கடலின் இழுப்பு கைக்குள் வந்தது. இதை எந்த மியூசியத்திலும் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்க முடியாது.

நோட்டில் என் கணக்கு இப்படி இருந்தது: 210, 195, 190, காமரேக்குப் பிறகு 150, 120, ஆட்டு முனை தாண்டி 95, துவார்னெனே துறைமுகத்தில் கட்டும்போது 70. பலகை தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது. அந்தப் பெரியவர் என் மேசை முன்னால் நின்று சொன்னதை நான் கையால் பம்பு அடித்து, எண்ணி, எழுதிப் பார்த்துத்தான் புரிந்துகொண்டேன். நாற்பது ஆண்டு ஆகியிருக்கிறது.

இப்போது என் அபிப்பிராயத்தைச் சொல்கிறேன்.

முதலாவது: சில பொருள்களைப் பூட்டி வைத்துக் காப்பாற்ற முடியாது. பயன்படுத்தினால்தான் அவை இருக்கும். மரப்படகு அப்படி. நம் ஊரின் பழைய வீடுகளும் அப்படித்தான். பாகப்பிரிவினை வழக்கில் பூட்டிக் கிடக்கிற மெட்ராஸ் தளம் போட்ட வீடு, ஆள் குடியிருக்கிற வீட்டுக்கு முன்பே விழுந்துவிடுகிறது. 2014 நவம்பர் மழையில் நம் மேரி கட்டடம் இடிந்து விழுந்ததை நாமெல்லாம் பார்த்தோம். மறுபடி கட்டிவிட்டார்கள், நல்லது. ஆனால் விழுந்ததும் கட்டியதும் வேறு வேறு கட்டடம். யாரையும் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. ஆகவே ஆபீசில் இப்போது இருக்கிற இளைஞர்களுக்கு ஒன்று மட்டும் சொல்கிறேன்: தாமதமும் ஓர் உத்தரவுதான். நீங்கள் கையெழுத்துப் போடாத அந்த நாட்களிலும் வெயில் அடித்துக்கொண்டுதான் இருக்கும். விதியைப் பின்பற்றுங்கள், ஆனால் "இந்தப் பொருள் காத்திருக்குமா?" என்று ஒரு வரி குறிப்பில் சேருங்கள். அந்த வரியை எழுத எனக்கு எந்த விதியும் தடையாக இல்லை. நான் எழுதவில்லை.

இரண்டாவது: இதற்கு நியாயமான மறுப்பு ஒன்று உண்டு. "மீனவர் ஃபைபர் படகுக்கு மாறியது அவர் சௌகரியத்துக்கு. கட்டுமரத்தில் நனைந்து விறைத்துப் போனவருக்குத்தான் அந்தக் கஷ்டம் தெரியும். பென்ஷன் வாங்கிக்கொண்டு நீர் அழகு பார்க்கிறீர்" என்று கேட்கலாம். முழுக்க ஒப்புக்கொள்கிறேன். 2004 சுனாமிக்குப் பிறகு நம் கரையில் ஃபைபர் படகு பெருகியது. பல வீடுகளில் அதனால்தான் மறுபடி அடுப்பு எரிந்தது. பழைமைக்காக ஒரு மீனவர் பையன் கஷ்டப்பட வேண்டும் என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. பிரெத்தாஞ் மீனவரும் மரப்படகில் பிழைப்பு நடத்தவில்லை. நான் கேட்பது நூறு படகு அல்ல. ஒன்று. ஒரே ஒரு சலங்கு, கயிற்றால் தைத்தது, வருஷத்தில் சில நாளாவது அலை தாண்டிப் போய் வருவது.

அது நடக்கிற காரியம்தான். பிரான்சிலும் கட்டடம்தான் நினைவுச் சின்னம் என்று வெகுகாலம் நினைத்திருந்தார்கள். 1982-இல் துன்கெர்க் துறைமுகத்திலிருந்த துஷேஸ் ஆன் என்ற பாய்மரக் கப்பலுக்குத்தான் முதன்முதலாக அந்த அந்தஸ்து கொடுத்தார்கள். அதன் பிறகு சின்னச் சின்ன வேலைப் படகுகளுக்கும் கிடைத்தது. 1986-இல் துவார்னெனேயிலும் 1992-இல் பிரெஸ்திலும் பழைய படகுகளைக் கூட்டிப் பெரிய திருவிழா நடத்தினார்கள். எத்தனையோ ஊர்கள் தங்கள் ஊர்ப் படகை மறுபடி கட்டின. அந்தப் பிணங்கள் கிடக்கிற காமரேயே பெல் எத்துவால் என்று ஒரு சிங்கி இறால் படகைக் கட்டி ஓட்டுகிறது. அரசு உதவுகிறது, உண்மை. ஆனால் படகை ஓட்டுவதும் கீல் பூசுவதும் சங்கத்துக்காரர்கள். ஓய்வுபெற்ற வாத்தியார், தபால்காரர், நர்ஸ். அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க ஒரு பழைய தச்சர். கற்றுக்கொள்ள ஒரு சின்னப் பெண். அந்தத் தச்சரும் அந்தப் பெண்ணும் ஒரே படகில் இருந்தார்கள் என்பதுதான் நான் அங்கே பார்த்த பெரிய விஷயம். படகை வரைபடம் பார்த்து மறுபடி கட்டலாம். நாரை எவ்வளவு இறுக்கி அடிப்பது என்பது கையிலிருந்து கைக்குத்தான் போகும்.

மூன்றாவது, நம்மைப் பற்றி. நாம் ஓய்வுபெற்றவர்கள் சாயங்காலம் கடற்கரையில் உட்கார்ந்து அந்தக் காலம் போல வருமா என்று பேசுகிறோம். நானும்தான். அந்தக் காலத்துக் கடைசிப் படகை விறகுக்கு அனுப்பியவன் அப்படிப் பேசுவது எவ்வளவு தூரம் சரி என்று இப்போது கூச்சமாக இருக்கிறது. பேச்சைக் குறைத்துக்கொண்டு கொஞ்சம் வேலை பார்க்கலாம் என்று தோன்றுகிறது.

ஊர் திரும்பிய மறு வாரம் வைத்திக்குப்பம் போனேன். எழுபத்து நான்கு வயதில், பத்து நிமிட நடை. அந்தப் பெரியவரின் குடும்பத்தை விசாரித்தேன். அவர் போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகிவிட்டதாம். பேரன் ஃபைபர் படகு வைத்திருக்கிறார். தாத்தா ஆபீசுக்கு வந்தது அவருக்குத் தெரியாது. நான் சொன்னேன், எல்லாவற்றையும், மூன்று கொட்டேஷன் உட்பட. அவர் கோபப்படவில்லை. "தாத்தா உளி ஒண்ணு வீட்ல கெடக்குது ஐயா, பாக்கறீங்களா" என்று எடுத்துவந்து காட்டினார். மழுங்கிப்போன, அகலமான கலப்பத்து உளி. பிரெஸ்தில் அந்தத் தச்சர் கையில் பார்த்த அதே உருவம். அதைப் படம் எடுத்து அவருக்கு அனுப்பியிருக்கிறேன்.

பேரன் எனக்கு ஒரு தகவல் சொன்னார். தெற்கே வீராம்பட்டினம் பக்கம் சிறுவயதில் தைத்த படகில் வேலை பார்த்த வயதானவர்கள் ஒருவர் இருவர் இன்னும் இருக்கலாமாம். தேடிக்கொண்டிருக்கிறேன். இதைப் படிக்கிறவர்களில் புதுவை, காரைக்கால், கடலூர்ப் பக்கம் அப்படிப்பட்டவரைத் தெரிந்தவர்கள் இருந்தால் எனக்குச் சொல்லுங்கள். கொட்டேஷன் எதுவும் கேட்க மாட்டேன். நோட்டும் பேனாவும் எடுத்துக்கொண்டு மறுநாளே வருகிறேன்.